தை மாதத்து வீட்டுத் தோட்டம்
மழை ஓய்ந்தபின் வளவில் செய்யவேண்டிய வேலைகள்

தைப்பொங்கல் கழிந்துவிட்டது. ஐப்பசியில் தொடங்கிய வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, காலையிற் பனியும் பகலில் இளவெயிலுமாக நாட்கள் செல்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த பகுதிகளிலும் ஆண்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. இனி அடுத்த பருவமழை வரும்வரை, இடையிற் கிடைக்கும் சிறு மழைகளைத் தவிர, எமக்குக் கைகொடுப்பது கிணற்று நீர் ஒன்றே.

நிலத்தில் ஈரம் உள்ளது. கிணற்றில் நீர் உயர்ந்து நிற்கின்றது. வெயில் இன்னும் கடுமையாகவில்லை. இம்மூன்றும் ஒருங்கே அமைவது தை மாதத்தில் மாத்திரமே. ஆதலின், தையில் நான்கு கிழமை வளவில் உழைப்பவர் பங்குனி, சித்திரையில் தம் வீட்டுக் கறிக்குக் காய்கறி பறிப்பார். மாசி கடந்தபின் மண்வெட்டி எடுப்பவரோ இறுகிய மண்ணோடும் இறங்கிய கிணற்றோடும் போராட நேரிடும்.

வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு அன்று என்பதைச் சென்ற சில ஆண்டுகள் நமக்கு நன்கு உணர்த்தியுள்ளன. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளும் உணவுப் பொருளும் கிடைப்பது அரிதாகி, விலைகள் உயர்ந்தபோது, அரசாங்க ஊழியர் வீட்டில் உணவு பயிரிடுவதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை பெறவும் வழி செய்யப்பட்டது. அந்நாட்களில் வளவில் ஒரு முருங்கையும் நான்கு கத்தரியும் ஒரு கீரைப் பாத்தியும் வைத்திருந்த குடும்பம், அவை இல்லாத குடும்பத்தினும் கவலை குறைந்திருந்தது. அப்பாடத்தை நாம் மறத்தலாகாது.

இப்பிரசுரத்தில், கால் பரப்பு அளவான நிலத்தை வைத்துக்கொண்டு தை மாதத்தில் செய்யவேண்டிய வேலைகள் ஒழுங்குமுறையாகக் கூறப்படுகின்றன. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் ஆதலால், கால் பரப்பு என்பது ஏறத்தாழ 680 சதுர அடியாகும். இவ்வளவு நிலம் பெரும்பாலான வளவுகளில் உண்டு.

முதல் வேலை: வளவைச் சுற்றிப் பாருங்கள்

மண்வெட்டி எடுக்குமுன் ஒரு நாட் காலையில் வளவு முழுவதையும் சுற்றி நடந்து பாருங்கள். மழை நீர் எங்கே தேங்கி நிற்கின்றது? எந்த மூலையில் காலை வெயில் விழுகின்றது? எந்த மரத்தின் நிழல் எதுவரை செல்கின்றது? காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மாமரத்தின் கீழும் வேம்பின் கீழும் கத்தரி நட்டுக் காய்க்கவில்லையென வருந்துதல் வீண். நிழல் விழும் இடத்தை வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் நாற்றுமேடைக்கும் கூட்டெருக் கும்பிக்கும் ஒதுக்குங்கள்.

சுற்றிப் பார்க்கும்போதே மற்றொரு கடமையையும் நிறைவேற்றுதல் வேண்டும். சிரட்டை, உடைந்த சட்டி, யோகட் கோப்பை, பழைய டயர், பிளாஸ்ரிக் பை, கூரைப் பீலி, பூச்சாடியின் கீழ்த்தட்டு ஆகியவற்றில் மழை நீர் தேங்கியிருக்கும். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு இத்தகைய சிறு நீர்நிலைகளிலேயே பெருகுகின்றது. முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். அன்றியும், அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியபடியே நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லவை. ஆதலின் நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுதல் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வேண்டாதவற்றை அகற்றுங்கள். வேண்டியவற்றைக் கவிழ்த்தோ மூடியோ வையுங்கள். கிழமைக்கு ஒரு நாளை இதற்கெனக் குறித்துக்கொள்ளுங்கள்.

குப்பையை எரிக்காதீர்கள்

மழைக்குப்பின் வளவிற் புல்லும் பூண்டும் மண்டியிருக்கும். மரங்களின் கீழ்ச் சருகு குவிந்திருக்கும். இவற்றைக் கூட்டி எரிப்பது நம்மவர் பலரின் வழக்கம். எரிப்பதனால் எஞ்சுவது ஒரு கைப்பிடிச் சாம்பல். எரியாது உக்கவிட்டாலோ கிடைப்பது கடகம் கடகமாக எரு. நம்முடைய செம்மண்ணும் மணல்மண்ணும் நீரை நெடுநேரம் தாங்கி நிற்கமாட்டா. அவற்றிற்கு நீர்பிடிக்கும் ஆற்றலைத் தருவது உக்கிய இலைகுழையே. நம் முன்னோர் பூவரசங்குழையையும் பாவட்டங்குழையையும் பழைய பனையோலையையும் தோட்டத்தில் வெட்டித் தாழ்த்தியதன் பொருள் இதுவே.

கூட்டெரு செய்யும் முறை எளிது. நிழலான ஓரிடத்தில் நான்கடிச் சதுரமாக நிலத்தைக் கொத்தி, அதன்மேற் சிறு சுள்ளிகளைப் பரப்புங்கள். அதன்மேல் ஆறங்குல உயரத்திற்குக் காய்ந்த சருகு. அதன்மேல் இரண்டங்குலம் பச்சைக் குழை. இதற்குக் கிளிசரிடியா, பூவரசு, அகத்தி, பிடுங்கிய களை யாவும் உதவும். களை விதை முற்றுமுன் பிடுங்கியதாயிருத்தல் வேண்டும். அதன்மேல் ஓரங்குலம் மாட்டெருவோ ஆட்டெருவோ பரப்பி, ஒரு பிடி பழைய எருவையும் தூவி நீர் தெளியுங்கள். இவ்வாறு அடுக்கடுக்காக மூன்றரை அடி உயரம் வரும்வரை அடுக்கி, கிடுகினால் மூடுங்கள். கும்பியினுள்ளே ஒரு நீண்ட தடியைச் செருகி வையுங்கள். சில நாட்களின்பின் அத்தடியை இழுத்துத் தொட்டுப் பார்த்தாற் சூடாயிருக்கவேண்டும். சூடும் ஈரமும் இருப்பின் வேலை நடைபெறுகின்றது. காய்ந்திருப்பின் நீர் தெளியுங்கள். நாற்றம் வீசினால் நீர் மிகுந்துவிட்டது, சருகு சேர்த்துப் புரட்டுங்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டிவந்தால் ஏறத்தாழ மூன்று மாதத்தில், அதாவது சித்திரையில், எரு ஆயத்தமாகும்.

கும்பியைப் புரட்டும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்கும்பியிலேயே முட்டையிடும். வளைந்து சுருண்ட வெள்ளை நிறக் கொழுத்த புழுக்கள் காணப்பட்டால் அவற்றைப் பொறுக்கிக் கோழிக்கு இடுங்கள். புரட்டாது விடப்பட்ட எருக்கும்பி உங்கள் தென்னைக்கு மாத்திரமன்று, அயலவர் தென்னைக்கும் பகையாகும்.

பாத்தி அமைத்தல்

மழைக்காலத்தில் நீர் வடியவேண்டும் என்பதற்காக மேட்டுப்பாத்தி அமைக்கின்றோம். கோடையில் நீர் நிற்கவேண்டும் ஆதலால் தாழ்பாத்தியே ஏற்றது. பாத்தியின் நடுப்பகுதி நடைபாதையினும் இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்தும், சுற்றுவரம்பு உயர்ந்தும் இருத்தல் வேண்டும். பத்தடி நீளம், மூன்றடி அகலம் கொண்ட பாத்தி வசதியானது. இரு பக்கத்திலிருந்தும் கையை நீட்டிக் களை பிடுங்கலாம். பாத்தியினுள் மிதிக்க வேண்டியதில்லை. மிதியாத மண் இறுகுவதுமில்லை.

கால் பரப்பில் இத்தகைய பத்துப் பாத்திகளை அமைத்து, எஞ்சிய இடத்தை நடைபாதைக்கும் பந்தலுக்கும் விடலாம். ஒவ்வொரு பாத்தியையும் ஓரடி ஆழம் கொத்தி, கல்லையும் கோரைக்கிழங்கையும் பொறுக்கி எறிந்து, ஒரு கடகம் நன்றாக உக்கிய எருவை மண்ணோடு கலந்துவிடுங்கள். இம்முறை உங்கள் கூட்டெரு ஆயத்தமாகாது. பட்டியிலிருந்து பழைய எருவைப் பெற்றுக்கொள்ளுங்கள். உக்காத பச்சை எருவை இடுவதால் வேர் கருகும், களையும் பெருகும்.

பனங்கிழங்குக்குப் பாத்தி போட்டிருந்தவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இந்நாட்களிற் கிழங்கு கிண்டியபின் அவ்விடம் ஆழமாகப் பொலபொலத்த மண்ணாகக் கிடக்கும். அதைத் திரும்பவும் இறுகவிடாது, ஊமலைப் பொறுக்கி அகற்றி, எருவிட்டுச் சமன்செய்து பயற்றையோ வெண்டியோ ஊன்றுங்கள். கொத்தும் வேலையிற் பாதி மிச்சமாகும்.

எதை, எவ்வளவு நடுவது?

பத்துப் பாத்திகளையும் பின்வருமாறு பகிர்ந்துகொள்ளலாம். கத்தரிக்கு இரண்டு, மிளகாய்க்கு இரண்டு, வெண்டிக்கு இரண்டு, தக்காளிக்கு ஒன்று, பயற்றைக்கு ஒன்று, கீரைக்கு இரண்டு.

கத்தரியைப் பாத்தியின் நடுவே ஒரே வரிசையாக, கன்றுக்குக் கன்று இரண்டடி விட்டு நடுங்கள். ஒரு பாத்தியில் ஐந்து கன்று கொள்ளும். நெருக்கி நட்டால் இலை பெருகுமேயன்றிக் காய் பெருகாது. மிளகாயையும் வெண்டியையும் ஒவ்வொரு பாத்தியிலும் இரு வரிசையாக, ஒன்றரை அடி இடைவெளியில் அமைத்தால் பன்னிரண்டு கன்று கொள்ளும். தக்காளியை இரு வரிசையாக இரண்டடி விட்டு நட்டு, கம்பு நாட்டிக் கட்டுங்கள். பயற்றைக்குப் பந்தலோ கம்போ முன்னதாகவே நாட்டிவிடுங்கள். வேர் விட்டபின் கம்பு நாட்டினால் வேர் அறுபடும்.

கீரைப் பாத்தி இரண்டையும் ஒரே நாளில் விதையாதீர்கள். முதலாவதை இன்றும் இரண்டாவதைப் பதினைந்து நாட்களின் பின்னும் விதைத்தால், ஒன்று முடியும்போது மற்றொன்று பறிப்புக்கு வரும். கீரை விதை மிகவும் நுண்ணியது ஆதலால் அதனை நான்கு பங்கு மணலோடு கலந்து தூவி, கையால் மெல்லத் தட்டிவிடுங்கள். பாகலையும் புடோலையும் பாத்தியில் நடாது, தோட்டத்தின் ஓரத்தில் ஒன்றரை அடிச் சதுரக் குழியெடுத்து எருவிட்டு, குழிக்கு மூன்று விதை வீதம் ஊன்றிப் பந்தலில் ஏற்றுங்கள். முளைத்தபின் வலிய இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

இனங்களைத் தெரியும்போது நம் மண்ணுக்குப் பழகியவற்றையே தெரிவது நன்று. கத்தரியில் 'திருநெல்வேலி ஊதா', பாகலில் 'திருநெல்வேலி வெள்ளை', மிளகாயில் 'எம்.ஐ. 2' என்பன வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றவை. இவற்றின் விதையை நீங்களே எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கப்படும் கலப்பின விதை நன்றாக விளையுமெனினும், அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் விளைவதில்லை.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாக்கும் வாடல்நோய் மற்றதையும் தாக்கும். ஆதலின் சென்ற முறை இவற்றுள் ஒன்று நின்ற பாத்தியில் இம்முறை பயற்றை, வெண்டி அல்லது கீரையை இடுங்கள்.

நாற்றுமேடை

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு நாற்றுமேடை வேண்டும். மூன்றடி அகலத்தில் ஆறங்குல உயரமான மேடை அமைத்து, மேல்மண்ணை நன்றாகப் பொடியாக்கி, எருவையும் மணலையும் கலவுங்கள். அதன்மேல் வைக்கோலையும் உமியையும் பரப்பி எரித்துவிட்டால் மேல்மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும். மேடை ஆறியபின், நான்கங்குலத்துக்கு ஒரு கோடு கீறி, கால் அங்குல ஆழத்தில் விதையைத் தூவி மூடுங்கள். வைக்கோலால் மூடி, பூவாளியால் நீர் தெளியுங்கள். முளை கண்டவுடன் வைக்கோலை எடுத்துவிடுதல் அவசியம். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நெட்டையாகி ஒடிந்து விழும். எறும்பு விதையைக் கொண்டு போகாதபடி மேடையைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள்.

தக்காளி மூன்று கிழமையிலும், கத்தரியும் மிளகாயும் நான்கு கிழமையிலும் நடும் பருவத்தை அடையும். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து நாற்றைப் பலப்படுத்துங்கள். நடும் நாளிற் காலையில் மேடையை நனைத்து, மாலையில் வேர் அறாதபடி கெல்லி எடுத்து நட்டு, நீர்விட்டு, ஓலைத்துண்டினால் மூன்று நாட்களுக்கு நிழல் கொடுங்கள்.

நீர்க்கணக்கு

இனிக் கூறப்போவது இப்பிரசுரத்தின் முக்கியமான பகுதியாகும். இதனைக் கவனமாக வாசிக்குமாறு வேண்டுகின்றோம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் பிளவுகளினூடே இறங்கி நிலத்தின் கீழ்த் தங்குகின்றது. அந்நன்னீர் கடலிலிருந்து வந்த உப்புநீரின்மேல், பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல், மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைப் பலரும் அறிவர். நம் வீட்டுக் கிணறுகளின் கீழும் நிலைமை ஏறத்தாழ அதுவே.

நீரியல் அறிஞர் ஒரு கணக்கைக் கூறுவர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்புநீர் காலப்போக்கில் நாற்பதடி ஏறிவர இடமுண்டு. அன்றியும், பம்பினால் விரைந்து இறைக்கும்போது கிணற்றின் நேர் கீழே உப்புநீர் கூம்புபோல் எழும்பும். துலாவினால் இறைத்த காலத்தில் நீர் மெல்ல மெல்ல எடுக்கப்பட்டதால் ஊற்று ஈடுகொடுத்தது. இன்று மோட்டாரை முடுக்கிவிட்டு மறந்துபோகின்றோம். ஆதலால், ஒரேயடியாக இரண்டு மணி நேரம் இறைக்காது, அரை மணி இறைத்து இடைவிட்டு மீண்டும் இறையுங்கள்.

பயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும்? பத்தடிக்கு மூன்றடியான பாத்தியில் ஓரங்குல உயரத்துக்கு நீர் விட ஏறத்தாழ 70 லீற்றர் செலவாகும். அதாவது பத்து லீற்றர் வாளியால் ஏழு வாளி. இவ்வளவு நீர், வளர்ந்த பயிருக்கு நான்கு நாட்களுக்குப் போதும். பத்துப் பாத்திக்கும் சேர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்குப் பதினெட்டு வாளிக்கு மேற் செல்லாது. மணல் நிலத்தில் ஒரே தடவையில் ஏழு வாளி விடாது, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மூன்றரை வாளி வீதம் விடுங்கள். இளங்கன்றுக்கும் கீரைக்கும் நாள்தோறும் சிறிது தெளித்தல் வேண்டும்.

இதற்கு மேல் விடும் நீர் பயிருக்குப் பயன்படுவதில்லை. அது வேரைத் தாண்டிக் கீழிறங்கும். இறங்கும்போது நீங்கள் இட்ட பசளையையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கே திரும்பிச் செல்லும்.

நீரை மிச்சப்படுத்தச் சிறந்த வழி மண்ணை மூடுதலாகும். கன்று வேர்கொண்டபின், தண்டைத் தொடாதபடி மூன்றங்குல உயரத்துக்குச் சருகு, வைக்கோல், நறுக்கிய பழைய ஓலை ஆகியவற்றில் எது கிடைக்குமோ அதனால் மூடுங்கள். விரலை மண்ணில் இரண்டங்குலம் செருகிப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று நீர் வேண்டியதில்லை. நீர் விடுவது காலையிலோ மாலையிலோ ஆகட்டும், நடுப்பகலில் வேண்டாம்.

கிணற்றைக் காத்தல்

பசளையைப் பற்றி வெளிப்படையாகக் கூறவேண்டியுள்ளது. யூரியா முதலிய தழைச்சத்துப் பசளையை அளவுக்கு மிஞ்சி இட்டால் அது நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரிற் கலக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வகுத்துள்ளது. குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டுள்ளமை ஆய்வுகளிற் காணப்பட்டது. அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையை இழந்து, குழந்தை நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். தாய்மார் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறைவதால் அது மேலும் செறியும்.

ஆதலின், பசளையை அளந்தே இடுங்கள். எடுத்துக்காட்டாக, ஏக்கருக்கு 25 கிலோகிராம் யூரியா என ஒரு பயிருக்குக் கூறப்பட்டிருந்தால், 30 சதுர அடிப் பாத்திக்கு அது 17 கிராம் மாத்திரமே. கை நிறைய அள்ளி எறிபவர் அதனினும் பன்மடங்கு எறிகின்றார். எருவும் கூட்டெருவும் இட்ட வீட்டுத் தோட்டத்திற்கு இரசாயனப் பசளை பெரும்பாலும் வேண்டியதேயில்லை. எருவாயினும் அளவு மிஞ்சினால் அதுவும் நைத்திரேற்றையே தரும் என்பதை மறவாதீர்கள்.

எருக்கும்பியும் ஆட்டுப் பட்டியும் கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பதடி தூரத்தில் அமைதல் வேண்டும். பாறைப் பிளவுள்ள நிலத்தில் இன்னும் தள்ளியிருப்பது நலம். மலசலகூடக் குழிக்கும் இது பொருந்தும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டார் தம் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதிப்பித்துக்கொள்வது விவேகமாகும்.

குளிப்பு நீருக்கு ஒரு வாழைக் கிடங்கு

கிணற்றடியில் வழிந்தோடும் குளிப்பு நீர் வீணாகின்றது. தேங்கினால் நுளம்பும் பெருகும். இந்நீரை ஒரு சிறு வாய்க்காலாற் கிணற்றுக்கு அப்பால் நடத்திச் சென்று, நான்கடி அகலம் இரண்டடி ஆழமான ஒரு கிடங்கில் விடுங்கள். கிடங்கைத் தேங்காய்ப் பொச்சுமட்டையாலும் சருகாலும் நிரப்பி, வெட்டிய மண்ணைச் சுற்றிலும் வரம்பாக்கி, அவ்வரம்பில் மூன்று வாழைக்குட்டிகளை நடுங்கள். கதலி, இதரை, மொந்தன் ஆகிய எதுவும் ஆகும். மட்டை நீரை உறிஞ்சி வைத்திருந்து வாழைக்குக் கொடுக்கும். மேலே நீர் தேங்கி நிற்குமாயின் மட்டையும் சருகும் மேலும் இட்டு நிரப்புங்கள்.

சவர்க்காரம் கலந்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம், கீரைக்கு விடவேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய நீரை எப்பயிருக்கும் அச்சமின்றி ஊற்றலாம்.

மரமும் வேலியும்

மாமரம் இப்போது பூக்கும் காலம். பூத்த மரத்தில் கொப்பு வெட்டவேண்டாம். பட்ட கொப்பையும் குருவிச்சையையும் மாத்திரம் அகற்றுங்கள். தேசி, மாதுளை, கொய்யா ஆகியவற்றில் உட்புறம் நோக்கி வளரும் மெல்லிய கொப்புகளை வெட்டி, வெயிலும் காற்றும் உட்செல்ல வழி செய்யுங்கள். மரத்தின் அடியில், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டிச் சருகு பரப்புங்கள்.

வேலியிலுள்ள பூவரசும் கிளுவையும் கிளிசரிடியாவும் மழையிற் செழித்து நிற்கும். அவற்றைக் கத்தரித்தால் ஆட்டுக்குக் குழையும், எருக்கும்பிக்குத் தழையும், பயற்றைக்குக் கம்பும் கிடைக்கும். ஆனால் தென்மேற்குப் புறத்து வேலியை அதிகம் வெட்டாதீர்கள். வைகாசி தொடக்கம் வீசும் சோழகக் காற்று ஈரத்தை உறிஞ்சிச் செல்லும், பந்தலையும் சாய்க்கும். அதைத் தடுக்கும் அரண் அவ்வேலியே.

பூச்சியும் நோயும்

வீட்டுத் தோட்டத்தில் கண்ணும் கையுமே முதல் மருந்து. நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் இலையின் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். கத்தரியின் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் அதனுள் துளைப்புழு இருக்கின்றது. வாடிய பகுதிக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். வெண்டியின் இலை நரம்பு மஞ்சளாகிப் பின்னல்போல் தோன்றினால் அது வெண்ணிற ஈ பரப்பும் நச்சுநோய். அக்கன்றைப் பிடுங்கி அழிப்பதே வழி. பாகற் பிஞ்சைப் பழ ஈ குத்தாதபடி காகிதப் பையால் கட்டுங்கள். குத்துப்பட்டு விழுந்த காயைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். பூசணி, பாகல் இளங்கன்றின் இலையைக் கடிக்கும் செவ்வண்டுக்குப் பனி உலருமுன் சாம்பல் தூவுங்கள்.

அசுகுணி, தத்தி முதலியவை மிகுந்தால், 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். அன்றே செய்து அன்றே பயன்படுத்துங்கள்.

விதை எடுத்தல்

தோட்டத்தின் சிறந்த ஒரு கன்றில், முதற் பறிப்புகளில் வரும் நல்ல காய் இரண்டை விதைக்கென நூல் கட்டி விட்டுவிடுங்கள். யாரும் கறிக்குப் பறித்துவிடாதிருக்க வீட்டாருக்கு அறிவியுங்கள். முற்றிய விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பலோடு கலந்து போத்தலில் இறுக மூடி, பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். 2022ஆம் ஆண்டில் பலர் தேடித் திரிந்த பொருள்களுள் விதையும் ஒன்று. வீட்டில் விதை வைத்திருப்பவர் எவரையும் எதிர்பார்க்கவேண்டியதில்லை.

நினைவிற் கொள்ளவேண்டியவை

தை முதற் கிழமை: வளவு துப்புரவு, நுளம்பு ஒழிப்பு, கூட்டெருக் கும்பி, நாற்றுமேடை.

இரண்டாங் கிழமை: பாத்தி கொத்துதல், எருவிடுதல், முதற் கீரை விதைப்பு, பந்தற் குழி எடுத்தல்.

மூன்றாங் கிழமை: வெண்டி, பயற்றை, பாகல், புடோல் ஊன்றுதல், வாழைக் கிடங்கு, கும்பியை முதன்முறை புரட்டுதல்.

நான்காங் கிழமை: தக்காளி நடுதல், இரண்டாங் கீரை விதைப்பு, மாசி பிறந்ததும் கத்தரி, மிளகாய் நடுதல், வேர்கொண்டபின் மண்ணை மூடுதல்.

பத்துப் பாத்தியும் ஒருமிக்கச் செய்ய இயலாதவர் இரண்டு பாத்தியோடு தொடங்குங்கள். ஒன்றிற் கீரை, மற்றொன்றில் மிளகாய் போதும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாத்தியைப் பொறுப்பாகக் கொடுங்கள். வாளி எண்ணி நீர் விடவும் பழக்குங்கள். கிணற்று நீரின் அருமையை அவர்கள் நூலிற் கற்பதினும் வாளியிற் கற்பது நிலைத்து நிற்கும்.

மேலதிக விபரங்களையும் உங்கள் மண்ணுக்கேற்ற பசளை அளவையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். தை மாதம் நமக்காகக் காத்திராது. நிலத்தின் ஈரம் காயுமுன் வேலையைத் தொடங்குங்கள்.